ஜப்பானியரிடம் ‘அணு உலை வேண்டுமா?’ என்று கேட்டால்

ஃபுகுஷிமா மாகாணத்தில் ஃபுதாபா என்றொரு சிற்றூர். அதன் கடைத்தெருவுக்குக் குறுக்கே ஒரு வளைவு நின்றது. மாநாட்டுக்கு மூங்கில் கட்டி வைப்பார்களே, அதுபோலத்தான். இது மட்டும் இரும்புக் கால் ஊன்றிய நிரந்தர வளைவு. "அணுசக்தி: ஒளிமயமான எதிர்காலத்தின் ஆற்றல்" என்பது அதிலிருந்த வாசகம். 1980களின் இறுதியில் ஊர் நிர்வாகம் நடத்திய வாசகப் போட்டிக்கு ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதிக் கொடுத்தது அது. ஊரை ஒட்டித்தான் ஃபுகுஷிமா தாய்இச்சி அணுமின் நிலையம்.

2011 மார்ச்சில் அந்த நிலையத்தில் விபத்து நேர்ந்து ஊரே காலியானது. ஆளில்லாத தெருவுக்கு மேலே அந்த வாசகம் மட்டும் சில ஆண்டுகள் அப்படியே நின்றது. "பழசாகிவிட்டது, விழுந்துவிடும்" என்று சொல்லி 2015 டிசம்பரில் அதைக் கழற்ற ஆரம்பித்தபோது, கழற்றக் கூடாது என்று போராடியவர் யார் தெரியுமா? அதை எழுதிய அதே பையன். அப்போது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார். தான் எழுதியது எவ்வளவு பெரிய பிழை என்பதற்குச் சாட்சியாக அது அங்கேயே நிற்கட்டும் என்பது அவர் வாதம். வளைவு இறங்கிவிட்டது. வாசகப் பலகை இப்போது ஃபுதாபாவில் உள்ள பேரிடர் நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தப் பையன் மாறியதுபோல நாடே மாறியதா? பாதி மாறியது, பிறகு அதில் பாதி திரும்பி வந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். "ஜப்பானியர் அணுமின்சாரத்தை எதிர்க்கிறார்கள்" என்று ஒரு தலைப்பைப் பார்ப்போம். அதே ஆண்டில் "ஜப்பானியர் அணுமின்சாரத்தை மீண்டும் ஏற்கிறார்கள்" என்று இன்னொன்று வரும். இரண்டும் கருத்துக்கணிப்பைத்தான் ஆதாரம் காட்டும். இரண்டிலும் பொய் இருக்காது. அது எப்படி என்று புரிந்துகொண்டால் அந்நாட்டின் எரிசக்திக் கொள்கை பாதி புரிந்துவிடும்.

குண்டு விழுந்த நாட்டில் உலை எப்படி வந்தது?

ஹிரோஷிமாவும் நாகசாகியும் கண்ட மக்கள் அணு உலையை எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்பது எல்லோருக்கும் வரும் முதல் சந்தேகம். 1954 மார்ச் மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் விடை கிடைத்துவிடும்.

மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. சூரை மீன் பிடிக்கப் போயிருந்த ‘ஐந்தாம் ஃபுகுர்யூ மாரு’ என்ற ஜப்பானியப் படகின் மீது கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. படகில் 23 பேர். கரைக்கு வந்த மீனைப் புதைக்க வேண்டியதாயிற்று. படகின் வானொலி இயக்குநர் செப்டம்பரில் இறந்தார். தோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் குடும்பப் பெண்கள் முன்னின்று நடத்திய கையெழுத்து இயக்கம் நாடெங்கும் பரவி 3 கோடிக் கையெழுத்தைத் தாண்டியது.

அதே மார்ச்சில், அதே நாட்டின் நாடாளுமன்றத்தில், நகசோனே யசுஹிரோ என்ற இளம் உறுப்பினரும் அவர் சகாக்களும் அணுசக்தி ஆய்வுக்கான முதல் நிதி ஒதுக்கீட்டை நுழைத்தார்கள். தொகை 23 கோடியே 50 லட்சம் யென். யுரேனியம்-235 இல் இருக்கும் 235தான் அந்தத் தொகையிலும். நகசோனே பின்னாளில் பிரதமரானார். 1955இல் அணுசக்தி அடிப்படைச் சட்டம் வந்தது. ஆக்க வழிக்கு மட்டும், ஜனநாயகமாக, சுயமாக, ஒளிவுமறைவின்றி என்று அந்தச் சட்டம் சொன்னது. வெடிக்கும் அணு வேறு, விளக்கெரிக்கும் அணு வேறு என்ற பிரிப்பு அப்போதே மக்கள் மனதில் பதிந்தது. யோமியூரி நாளிதழின் அதிபர் ஷோரிகி மட்சுதாரோதான் அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவர் என்பதையும் சேர்த்துக்கொண்டால், பதிய வைத்தவர்கள் யார் என்பதும் ஓரளவு தெரியும்.

1966இல் தோகாய் கிராமத்தில் முதல் வணிக உலை ஓடத் தொடங்கியது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. கடைகளில் கழிப்பறைக் காகிதத்துக்கு அடிதடி நடந்ததை அந்தத் தலைமுறை இன்றும் சொல்லும். தோண்டினால் எண்ணெய் இல்லை. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்தன. சொந்தமாக எரிக்க ஒன்றுமில்லாத வீடு என்ற அச்சம் அன்றிலிருந்து ஜப்பானின் எந்த எரிசக்தி ஆவணத்தையும் விட்டு அகலவில்லை.

2011

மார்ச் 11, பிற்பகல் 2.46. நிலநடுக்கம், அளவு 9.0. ஆழிப்பேரலை வந்து அவசர ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. மூன்று உலைகள் உருகின. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். இதெல்லாம் பலரும் அறிந்தது. கருத்து எப்படித் திரும்பியது என்பதற்கு வேறு இரண்டு செய்திகள் தேவை.

ஒன்று, நாடாளுமன்றம் அமைத்த சுயேச்சை விசாரணைக் குழு 2012 ஜூலையில் சொன்ன தீர்ப்பு: இது மனிதர் உண்டாக்கிய விபத்து. உலையைக் கண்காணிக்க வேண்டிய அமைப்பு, உலையை வளர்க்கும் அமைச்சகத்துக்கு உள்ளேயே இருந்தது. கொடுக்கும் கையும் தடுக்கும் கையும் ஒன்றாக இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஜப்பானியர் இதற்கு ஏற்கெனவே இரண்டு சொற்கள் வைத்திருந்தார்கள்: ‘அன்சென் ஷின்வா’, அதாவது பாதுகாப்பு என்னும் புராணம், ‘கென்ஷிர்யொகு முரா’, அதாவது அணு கிராமம். மின் நிறுவனம், அமைச்சகம், பேராசிரியர், அரசியல்வாதி, செய்தித்தாள் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்களைப் போல ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்ற கேலி அந்தக் ‘கிராம’த்தில் இருக்கிறது.

இன்னொன்று மின்வெட்டு. தோக்கியோ வட்டாரத்தில் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஒசாகாவில் மின்சாரம் இருந்தது, ஆனால் அனுப்ப முடியவில்லை. ஜப்பானின் கிழக்குப் பாதி 50 ஹெர்ட்ஸிலும் மேற்குப் பாதி 60 ஹெர்ட்ஸிலும் ஓடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரை வாங்கியது, ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரை வாங்கியது; அந்த வினை இன்னும் தீரவில்லை. நடுவில் மாற்றி அனுப்பக்கூடிய அளவு அப்போது சுமார் 10 லட்சம் கிலோவாட். ஓர் அணு உலையின் அளவுதான். நாட்டில் மின்சாரம் போதுமா என்ற கேள்வியே அங்கே தவறு. எந்தப் பாதியில் என்று கேட்க வேண்டும்.

விபத்துக்கு முன் 54 உலைகள், மின்சாரத்தில் சுமார் கால்பங்கு. 2030க்குள் அந்தப் பங்கை மொத்த மின்சாரத்தில் பாதியாக உயர்த்துவது என்பதுதான் 2010இல் போட்ட திட்டம். 2012 மே மாதம் கடைசி உலையும் சோதனைக்காக நின்றது. 1970க்குப் பிறகு முதல்முறையாக ஜப்பானில் ஓர் அணு உலைகூட ஓடவில்லை. விளக்குகள் எரிந்தன. எரிவாயுவும் நிலக்கரியும் கப்பல் கப்பலாக வந்தன. தேவையான எரிசக்தியில் சொந்தமாகக் கிடைப்பது 100க்கு 20 என்ற அளவிலிருந்து 6 அளவுக்கு விழுந்தது. விளக்கு அணையவில்லை என்பதை எதிர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். எரிபொருள் பில்லை ஆதரவாளர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது

இனி கணிப்புகளுக்கு வருவோம். அணுமின்சாரம் பற்றி ஜப்பானில் பெரும்பாலும் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். நின்றிருக்கும் உலையைச் சோதித்துப் பார்த்து மறுபடி ஓட்டலாமா? புது உலை கட்டலாமா? நாளடைவில் அணுமின்சாரம் என்ன ஆக வேண்டும்? இவை மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் மின்கட்டணத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் ஒசாகாக்காரர் ஒருவர் முதல் கேள்விக்கு "ஓட்டுங்கள்" என்றும், இரண்டாவதற்கு "வேண்டாம்" என்றும், மூன்றாவதற்கு "மெதுவாகக் கைவிடலாம்" என்றும் ஒரே மூச்சில் சொல்லலாம். அவர் முரண்படவில்லை. வாங்கிய பழைய ஸ்கூட்டரை ஓயும்வரை ஓட்டுவேன், இன்னொன்று வாங்க மாட்டேன் என்பதைப் போன்ற நிலை அது. ஆதரவாளர் பட்டியலிலும் எதிர்ப்பாளர் பட்டியலிலும் அவர் பெயர் ஏறிவிடுகிறது.

நான்காவது கேள்வி ஒன்று உண்டு. உங்கள் ஊரில் கட்டலாமா? அதை நாடு முழுக்க எடுக்கும் கணிப்புகளில் அரிதாகத்தான் கேட்பார்கள்.

ஜப்பானிய மொழியே இந்த நடுநிலைக்குத் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. ‘கெம்பட்சு’ என்றால் அணுமின் நிலையம். ‘ஹன்-கெம்பட்சு’ என்றால் அணு உலை எதிர்ப்பு. கொடி பிடிப்பவர்களின் சொல். ‘தட்சு-கெம்பட்சு’ என்றால் அணு உலையிலிருந்து வெளியேறுதல். அந்தத் ‘தட்சு’வின் எழுத்து, செருப்பையும் சட்டையையும் கழற்றுவதைக் குறிக்கும் அதே எழுத்து. 2012இல் ஒரு புதுக் கட்சி ‘சொட்சு-கெம்பட்சு’ என்று இன்னும் இதமாக ஒன்றைக் கொண்டுவந்தது. ‘சொட்சு’ என்றால் பள்ளிப் படிப்பை முடித்து வெளிவருவது. எதிர்ப்பதில்லை, கழற்றுவதுகூட இல்லை. படித்து முடித்துவிட்டோம், கிளம்புகிறோம். மக்கள் மனம் எந்த இடத்தில் இருந்தது என்பதைக் கணிப்பு எண்களைவிட இந்தச் சொற்கள் நன்றாகக் காட்டுகின்றன என்பது என் எண்ணம்.

எண்களும் அதையே சொல்கின்றன. விபத்து நடந்து ஒரு மாதம் கழித்து அசாஹி நாளிதழ் எடுத்த கணிப்பில்கூட, ‘இப்போதுள்ளபடி இருக்கட்டும்’, ‘கூட்டலாம்’ என்ற இரண்டும் சேர்ந்து பாதியைத் தாண்டின. கோடைக்குள் நிலைமை தலைகீழானது. படிப்படியாகக் கைவிடலாம் என்போர் முக்கால்வாசியைத் தொட்டார்கள். அணுசக்தியைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்வதற்கென்றே உள்ள அணுசக்தி கலாசார அறக்கட்டளை 2006 முதல் ஆண்டுதோறும் ஒரு கணிப்பு நடத்துகிறது. அதிலேயே விபத்துக்குப் பின் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த விடை ‘படிப்படியாகக் கைவிட வேண்டும்’ என்பது. ‘உடனே மூடு’ என்போர் எப்போதும் சிறு கூட்டம்தான். சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டே வந்த இன்னொரு விடையும் அதில் இருக்கிறது: ‘தெரியாது’.

பெண்களிடம் எதிர்ப்பு கூடுதல், இளைஞரிடம் ஆதரவு கூடுதல் என்பது ஏறக்குறைய எல்லாக் கணிப்பிலும் தெரியும். 2011இல் ஐந்து வயதாக இருந்தவர் இன்று வாக்காளர் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரே ஒரு கோடைக்காலம்: 2012

அன்று ஆட்சியிலிருந்த ஜனநாயகக் கட்சி அரசு வித்தியாசமான ஒன்றைச் செய்தது. 2030இல் அணுமின்சாரத்தின் பங்கு எவ்வளவு இருக்கலாம் என்று மூன்று வழிகளை மக்கள் முன் வைத்தது: பூஜ்யம், 15 சதவீதம், 20 முதல் 25 சதவீதம். பிறகு பல விதமாகக் கருத்துக் கேட்டது.

யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம் என்றதற்கு 89,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. அவற்றில் 87 சதவீதம் பூஜ்யம் என்றன. எழுதி அனுப்புபவர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருப்பவர்தானே என்று இதைத் தள்ளிவிடலாம்.

இரண்டாவது, ஊர் ஊராக நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டம். பேசுவோரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். சென்தாய் நகரத்திலும் நகோயாவிலும் குலுக்கலில் வந்து அணுசக்திக்கு ஆதரவாகப் பேசியவர்களில் மின் நிறுவன ஊழியர்களும் இருந்தார்கள். அரங்கில் கூச்சல் எழுந்தது. அதன்பின் மின் நிறுவன ஊழியர் பேசக் கூடாது என்று விதி போட்டார்கள். அந்தக் கூச்சலுக்கு ஒரு பின்னணி உண்டு. 2011 ஜூன் மாதம் கென்காய் உலையை மறுபடி ஓட்டுவது பற்றிய ஒரு நேரலை நிகழ்ச்சிக்கு, சாதாரணப் பொதுமக்கள்போல ஆதரவு மின்னஞ்சல் அனுப்புங்கள் என்று கியூஷூ மின் நிறுவனத்துக்குள்ளிருந்தே வேண்டுகோள் போனது அம்பலமாகியிருந்தது. ‘யாராசே மெயில்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். யாராசே என்றால் ஆள் வைத்துச் செய்யும் நாடகம். ஒரு முறை ஏமாந்தவர்களுக்குக் குலுக்கல்மீது எப்படி நம்பிக்கை வரும்?

மூன்றாவதுதான் முக்கியமானது. முதலில் 6,849 பேரிடம் தொலைபேசியில் கேட்டார்கள். அவர்களில் வர ஒப்புக்கொண்ட 285 பேரை ஆகஸ்ட் முதல் வாரத்தில் தோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்துக்கு அழைத்து, இரண்டு தரப்பு வாதமும் அடங்கிய குறிப்பைப் படிக்கக் கொடுத்து, குழுவாகப் பேச விட்டு, நிபுணர்களைக் கேள்வி கேட்க விட்டு, மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்கள். பூஜ்யம் என்றவர்கள் தொலைபேசியில் 32.6 சதவீதம், குறிப்பைப் படித்து வந்தபோது 41.1, இரண்டு நாள் பேசிய பிறகு 46.7. மற்ற இரண்டு வழிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. மக்களுக்கு விவரம் தெரியாததால்தான் பயப்படுகிறார்கள் என்பது அணு கிராமத்தின் நெடுநாள் வாதம். விவரம் தெரியத் தெரிய எதிர்ப்பு கூடிய கணிப்பு இது.

இங்கே ஓர் எழுத்து விவகாரம். ஜப்பானிய மொழியில் பொதுக்கருத்தைக் குறிக்க முன்பு இரண்டு சொற்கள் இருந்தன. ‘யோரொன்’ என்றால் ஆராய்ந்து பேசி உருவான கருத்து. ‘செரொன்’ என்றால் ஊரில் அடிக்கும் காற்று. போருக்குப் பின் எழுத்துகளைக் குறைத்தபோது யோரொனுக்கான கடினமான எழுத்துப் பட்டியலிலிருந்து போய்விட்டது. இப்போது செரொனின் எழுத்தையே எழுதி இரண்டு விதமாகவும் வாசிக்கிறார்கள். நாளிதழ்க் கணிப்பு அளப்பது பெரும்பாலும் செரொன். 2012 ஆகஸ்டில் அந்த 285 பேரிடம் அளந்தது யோரொன்.

செப்டம்பரில் அரசு 2030களுக்குள் பூஜ்யம் என்று அறிவித்தது. தொழில்துறை எதிர்த்தது, அமெரிக்கா கவலை தெரிவித்தது, அமைச்சரவை அந்த ஆவணத்தை முழுமையாக ஏற்காமல் நழுவியது. டிசம்பரில் தேர்தல்.

பிறகு ஏன் வாக்கு அந்தப் பக்கம் விழவில்லை?

2012 ஜூலையில் தோக்கியோவின் யொயொகி பூங்காவில் கூடிய கூட்டம் 1,70,000 பேர் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். காவல்துறை கணக்கில் 75,000. எப்படிக் கணக்கிட்டாலும் பெருங்கூட்டம். நோபல் பரிசு பெற்ற ஓஎ கென்சாபுரோ மேடையில் இருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் பிரதமர் இல்லத்தின் முன் மாலையில் ஆட்கள் திரண்டார்கள். அலுவலகம் முடிந்து நேராக வந்தவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தவர்கள். ஐந்து மாதம் கழித்து நடந்த தேர்தலில் அணுசக்தியை வளர்த்த தாராளவாத ஜனநாயகக் கட்சி அமோக வெற்றி பெற்றது. ‘சொட்சு’ கட்சிக்குக் கிடைத்தது 480இல் 9 இடங்கள்.

2014இல் தோக்கியோ ஆளுநர் தேர்தலில் இன்னொரு சோதனை. ஆட்சியிலிருந்தபோது அணுசக்தியை ஆதரித்த முன்னாள் பிரதமர் கொயிசுமி, பின்லாந்தில் கழிவைப் புதைக்கும் ஓங்காலோ சுரங்கத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஜப்பானில் இது முடியாது, உலைகளை மூடுங்கள் என்று கட்சி மாறாமலே கருத்து மாறியிருந்தார். அவரும் இன்னொரு முன்னாள் பிரதமரான ஹொசொகாவாவும் கைகோத்து ‘பூஜ்யம்’ என்ற ஒரே முழக்கத்தோடு இறங்கினார்கள். ஹொசொகாவா மூன்றாவதாக வந்தார்.

மக்கள் மறந்துவிட்டார்கள் என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. வாக்குச்சாவடிக்குப் போகிறவர் சம்பளம், ஓய்வூதியம், விற்பனை வரி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சீட்டில் குத்துகிறார். மாற்று என்று நின்ற ஜனநாயகக் கட்சி ஆட்சியில் இருந்து பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதன் முதுகெலும்பான தொழிற்சங்கங்களில் மின்துறைச் சங்கமும் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேல், வென்ற கட்சி ஒரு கெட்டிக்கார வேலை செய்தது. 2014 எரிசக்தித் திட்டத்தில் அணுசக்தியை ‘முக்கியமான அடிப்படை மின்மூலம்’ என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே ‘சார்ந்திருப்பதை முடிந்தவரை குறைப்போம்’ என்றும் எழுதியது. ஓட்டுவோம் என்பவருக்கு முதல் பாதி, குறைப்போம் என்பவருக்கு இரண்டாம் பாதி. ‘முடிந்தவரை’ என்ற சொல்லை எவ்வளவு தூரம் இழுத்தாலும் அறுந்துபோகாது. நம்முடைய ஒசாகாக்காரரின் மூன்று விடைகளும் அந்த ஒரே பத்தியில் அடங்கிவிட்டன.

‘ஜிமோத்தோ’ என்னும் ஊரார்

ஃபுகுஷிமா தாய்இச்சியின் மின்சாரம் ஃபுகுஷிமாவுக்குப் போகவில்லை. அந்த மாகாணத்துக்கு மின்சாரம் தருவது தோஹொக்கு மின் நிறுவனம். உலை தோக்கியோ மின் நிறுவனமான டெப்கோவினுடையது, மின்சாரமும் தோக்கியோவுக்கே. நிகாதா மாகாணத்தில் ஏழு உலைகளோடு இருக்கும் கஷிவசாகி-கரிவா உலகிலேயே மிகப் பெரிய அணுமின் நிலையம். அதுவும் டெப்கோவுக்கு, தோக்கியோவுக்கு. இந்த ஏற்பாட்டை ஊரார் ஏற்பதற்காக 1974இல் மூன்று சட்டங்கள் வந்தன. அப்போதைய பிரதமர் தனாகா ககுயெய் அதே நிகாதாக்காரர். மின்சாரத்தின் மீது ஒரு வரி, அந்த வரிப் பணம் உலை இருக்கும் ஊருக்கு. இப்போதைய வீதம் ஒரு யூனிட்டுக்கு 0.375 யென். மாதம் 300 யூனிட் ஓடும் தோக்கியோ வீட்டிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு யென் சொச்சம் போகிறது. கட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. பெறும் ஊரில் அது விளையாட்டரங்கமாகவும் நூலகமாகவும் எழுந்து நிற்கிறது. உலை பழசாகப் பழசாகச் சொத்துவரி வரவு குறையும். கட்டிய அரங்கைப் பராமரிக்க இன்னோர் உலை வேண்டும் என்று ஊரே கேட்கும் நிலை வரும்.

உலையை மறுபடி ஓட்ட ‘ஜிமோத்தோ தோய்’, அதாவது ஊராரின் சம்மதம் வேண்டும் என்பது நடைமுறை. சட்டத்தில் எங்கும் எழுதவில்லை, ஆனால் அது இல்லாமல் எந்த நிறுவனமும் துணிவதில்லை. யார் ஊரார்? வழக்கத்தில் உலை இருக்கும் ஊரும் அந்த மாகாண ஆளுநரும். ஆனால் வெளியேற்றத் திட்டம் 30 கிலோமீட்டர் சுற்றுக்கும் தேவை. பணம் வரும் வட்டம் சிறியது, ஓட வேண்டிய வட்டம் பெரியது. தோகாய் இரண்டாம் நிலையத்தைச் சுற்றி அந்த 30 கிலோமீட்டருக்குள் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கிறார்கள். இத்தனை பேரை வெளியேற்றும் திட்டம் சரியாக இல்லை என்று சொல்லி 2021இல் மிதோ மாவட்ட நீதிமன்றம் அதை ஓட்டத் தடை விதித்தது. 2016இல் ஓட்சு நீதிமன்றம் அண்டை மாகாணத்தில் ஓடிக்கொண்டிருந்த தகஹாமா உலையையே நிறுத்தியது. ஓட்டுப்பெட்டியில் முடியாததைச் சிலர் நீதிமன்றப் படியேறிச் சாதித்தார்கள், மேல்முறையீட்டில் பலமுறை இழக்கவும் செய்தார்கள்.

ஊரார் ‘மாட்டோம்’ என்று சொன்ன இடங்களும் உண்டு. நிகாதாவின் மாகி ஊரில் 1996இல் நடந்த வாக்கெடுப்பில் 88 சதவீதம் பேர் வாக்களித்து, 61 சதவீதம் பேர் உலையை நிராகரித்தார்கள். நோதோ தீபகற்ப முனையில் உள்ள சுசு நகரில் பல ஆண்டுச் சண்டைக்குப் பின் 2003இல் திட்டம் முடங்கியது. 2024 ஜனவரி 1 அன்று வந்த நோதோ நிலநடுக்கம் அந்தச் சுசுவைத்தான் புரட்டியது. சாலைகள் பிளந்தன, வீடுகள் தரைமட்டமாயின. உலை விபத்தில் ‘வீட்டுக்குள் இருங்கள், பிறகு சாலை வழியே வெளியேறுங்கள்’ என்பதுதான் திட்டம். அங்கே வீடும் இல்லை, சாலையும் இல்லை.

காற்று திரும்பியது

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. எரிவாயு விலை ஏறியது, யென் சரிந்தது. மார்ச்சில் நிலநடுக்கத்தால் சில அனல்மின் நிலையங்கள் நின்றுபோய், தோக்கியோவுக்கு வரலாற்றிலேயே முதல் மின் பற்றாக்குறை எச்சரிக்கை விடுத்தார்கள். 2023இல் பத்துப் பெரிய மின் நிறுவனங்களில் ஏழு, வீட்டுக் கட்டணத்தை உயர்த்தின. உயர்த்தாத மூன்றில் இரண்டு, அதிகம் உலை ஓட்டும் கன்சாய், கியூஷூ நிறுவனங்கள். இதைவிட வலுவான விளம்பரத்தை அணு கிராமத்தால் காசு கொடுத்தும் எழுதியிருக்க முடியாது.

அசாஹி நாளிதழ் உலைகளுக்கு ஆதரவான ஏடு அல்ல. அதன் கணிப்பில் 2022 பிப்ரவரியில் மறுபடி ஓட்ட ஆதரவு 38, எதிர்ப்பு 47. ஓராண்டில், 2023 பிப்ரவரியில், ஆதரவு 51, எதிர்ப்பு 42. விபத்துக்குப் பின் அந்த ஏட்டின் கணிப்பில் ஆதரவு பாதியைத் தாண்டியது அதுவே முதல்முறை. கேள்வி என்ன என்பதை மறக்காதீர்கள்: ‘மறுபடி ஓட்டலாமா?’

அரசு விடையை வேறு கேள்விக்கும் நீட்டியது. அன்றைய பிரதமர் கிஷிதா புதுவகை உலைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 40 ஆண்டு, நீட்டித்தால் 60 ஆண்டு என்று விபத்துக்குப் பின் போட்ட வயது வரம்பை 2023 சட்டம் தளர்த்தியது. நீதிமன்றத் தடையாலோ சோதனைக்காகவோ நின்றிருந்த காலத்தை வயதில் சேர்க்க வேண்டாம். நின்ற காலத்திலும் கான்கிரீட் மூப்படையத்தானே செய்யும் என்று கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 1974இல் ஓடத் தொடங்கிய தகஹாமா முதல் உலை 2024 நவம்பரில் அரைநூற்றாண்டைத் தொட்டது. 2025 பிப்ரவரியில் ஏழாவது எரிசக்தித் திட்டம் வந்தது. 2040இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் 40 முதல் 50 சதவீதம், அனல் 30 முதல் 40, அணு சுமார் 20 சதவீதம். ‘முடிந்தவரை குறைப்போம்’ என்ற தொடரை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். தரவு மையங்களுக்கும் சிப் ஆலைகளுக்கும் மின்சாரம் வேண்டும், 2050க்குள் கரிம உமிழ்வைச் சமன்படுத்த வேண்டும் என்பவை காரணங்கள். பொய்யான காரணங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘மெதுவாகக் கைவிடலாம்’ என்ற அந்தப் பெரிய நடுக்கூட்டம் தலைசாய்த்திருந்த ஒரே வரி அதுதான்.

அந்த நடுக்கூட்டத்தைத் தயங்க வைப்பதில் கழிவுக்குப் பெரிய பங்கு உண்டு. ‘கழிப்பறை இல்லாத அடுக்குமாடி’ என்று அணுமின்சாரத்தை ஜப்பானில் குழந்தைகூடச் சொல்லும். ரொக்காஷோ கிராமத்தில் 1993இல் கட்டத் தொடங்கிய எரிபொருள் மறுசுழற்சி ஆலையின் நிறைவுத் தேதியை 2024இல் இருபத்தேழாவது முறையாகத் தள்ளிவைத்தார்கள். ஃபுகுஷிமாவில் உருகிக் கிடக்கும் எரிபொருள் சுமார் 880 டன். 2024 நவம்பரில் முதன்முதலாக வெளியே எடுத்த துணுக்கின் எடை 0.7 கிராம்.

கடைசியாக, இந்த விவகாரம் முழுவதும் ஒரே இடத்தில் கூடி நின்றது நிகாதாவில்தான். கஷிவசாகி-கரிவாவை மறுபடி ஓட்டலாமா என்று 2025இல் மாகாண அரசே மக்களிடம் கேட்டது. அதற்கான நிபந்தனைகள் இன்னும் நிறைவேறவில்லை என்றவர்கள் சுமார் 60 சதவீதம். டெப்கோ அதை ஓட்டுவது பற்றிக் கவலை என்றவர்கள் 70 சதவீதத்தை நெருங்கினார்கள். நவம்பரில் ஆளுநர் ஹனசுமி சம்மதம் தெரிவித்தார். வாக்கெடுப்பு வைக்கவில்லை, மாகாணச் சட்டமன்றம் தன்மீது நம்பிக்கை தெரிவித்தால் போதும் என்றார். டிசம்பரில் தெரிவித்தது. நிகாதாவில் அது பனி கொட்டும் மாதம். வெளியேற வேண்டி வந்தால் எந்தச் சாலை திறந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்தக் குளிரில் சட்டமன்றத்துக்கு வெளியே பதாகையோடு நின்றார்கள்.